காணாமற் போனவரின் பெயர்

நவம்பர் மாதம் நெருங்கும்போதே நம் பங்குகளில் கல்லறைத் தோட்டங்கள் விழித்துக்கொள்கின்றன. மழையில் வளர்ந்த புல் செதுக்கப்படுகிறது. சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு பூசப்படுகிறது. மெழுகுதிரியும் சாமந்தி மாலையும் கோவில் வாசலில் விலைக்கு வந்துவிடுகின்றன. அவ்வமயம் பங்குக்குருவின் மேசைமீதும் ஒரு குவியல் சேரும். மரித்த விசுவாசிகளின் நினைவு நாளாகிய நவம்பர் 2ஆம் நாள் திருப்பலியில் வாசிக்கப்படுவதற்காக மக்கள் எழுதித் தரும் பெயர்ப் பட்டியல்களே அவை. நோட்டுப் புத்தகத் தாளிலும், நாட்காட்டியின் பின்புறத்திலும், சில வேளைகளில் மருந்துச் சீட்டின் ஓரத்திலும் எழுதப்பட்டு வரும் அப்பெயர்களுள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கண்ணீர் என்பதை நாம் அறிவோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அத்தகைய பட்டியல் ஒன்றை எண்பத்திரண்டு வயது மூதாட்டி ஒருவர் தம் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். பாட்டன், பாட்டி, தாய், கணவர், இளமையில் இறந்த ஒரு மகன் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. தந்தையின் பெயர் மட்டும் இல்லை. மறந்துவிட்டார் போலும் என்று எண்ணி, “அப்பா பெயரை எழுதவில்லையே அம்மா?” என்று கேட்டுவிட்டோம். மூதாட்டி தலை குனிந்துகொண்டார். நெடுநேரம் கழித்து, “அவரு செத்தாரா இல்லையான்னே தெரியாது சாமி. ஓடிப் போனவர்னு ஊர் சொல்லிச்சு. அம்மா அவர் பெயரைச் செத்தவங்க கணக்கிலே எழுத விடல” என்றார்.

அன்று தொடங்கிய தேடலின் வரலாற்றையும், அத்தேடலில் நாம் கற்றுக்கொண்டவற்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். குடும்பத்தாரின் விருப்பப்படி அவர்களுடைய பெயரையும் ஊரையும் இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் நம் மறைமாவட்டத்தின் பல வீடுகளில் இதனையொத்த மௌனம் ஒன்று இன்னும் உறைந்து கிடக்கக்கூடும். அவ்வீடுகளுக்காகவே இதனை எழுதுகிறோம்.

ஒரு சொல் செய்த தீங்கு

மூதாட்டி பிறந்தது 1940இல். அவருக்கு ஒரு வயது நிறையுமுன்பே, 1941ஆம் ஆண்டில், மோட்டார் வண்டி ஓட்டுநராகப் பட்டாளத்தில் சேர்ந்திருந்த தந்தை கப்பலேறி மலேயாவுக்குச் சென்றார். சில மாதங்கள் பணம் வந்தது. இரண்டு கடிதங்களும் வந்தன. பின்னர் ஒன்றும் வரவில்லை. போர் முற்றியபின் ஆங்கிலத்தில் அச்சிட்ட காகிதம் ஒன்று வந்ததாம். ஊரில் ஆங்கில எழுத்தறிந்தவர் ஒருவர் அதனைப் படித்துப் பார்த்து, ‘மிஸ்ஸிங்’ என்று போட்டிருக்கிறது, அதாவது ஆள் காணாமற் போய்விட்டான் என்று பொருள் கூறினார்.

அவர் கூறிய பொருள் தவறன்று. ஆனால் போர்க்களத்தின் மொழியில் அச்சொல்லுக்குரிய கனம் வேறு; திண்ணைப் பேச்சில் அதற்குக் கிடைத்த பொருள் வேறு. போரில் ஒருவர் இறந்ததை நேரில் கண்டு சொல்வார் இல்லை, பிடிபட்டதற்கும் உறுதியில்லை என்னும்போது இராணுவம் எழுதும் சொல் அது. ஊராரோ, காணாமற் போனவன் என்பதை ஓடிப் போனவன் என்று ஆக்கினர். ஓடிப் போனவன் என்பது நாளடைவில், மலேயாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன் என்று வளர்ந்தது. மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர் அவரைத் தோட்டம் ஒன்றில் பார்த்ததாகவும் சொன்னாராம். வதந்திக்குச் சாட்சி கிடைப்பது என்றும் எளிது.

மூதாட்டியின் தாய் இவை எவற்றையும் ஏற்கவில்லை. மறுத்துப் பேசவும் இல்லை. தாலியைக் கழற்றாமலே 1988இல் இறந்தார். நம் பங்கில் எஞ்சியிருக்கும் பழைய பூசைக் கருத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது, புனித இராயப்பர் சின்னப்பர் திருநாளாகிய ஜூன் 29ஆம் நாளன்று அவர் பல ஆண்டுகள் பூசைக்குக் காணிக்கை செலுத்தியிருப்பதைக் கண்டோம். கணவரின் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் அது. கருத்து என்னும் இடத்தில், ‘கணவரின் சுகத்துக்காக’ என்று முந்தைய பங்குக்குருக்கள் எழுதியுள்ளனர். இறந்தோருக்கான பூசை ஒன்றுகூட இல்லை.

வீட்டுப் பெட்டியில் தொடங்க வேண்டும்

முன்னோரின் போர்ப் பணியைத் தேடுகிறவர்கள் முதலில் இலண்டனையோ டில்லியையோ நினைக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்தால் போதும். பட்டாளத்தாரைப் பற்றிய ஆவணங்களுக்கெல்லாம் திறவுகோல் அவருடைய பெயர் அன்று. அவருடைய படை எண்ணே. ஒரே பெயரில் நூறு பேர் இருப்பர். எண்ணோ ஒருவருக்கே உரியது.

அவ்வெண்ணைக் கண்டுபிடிக்க உதவுவன பல. பதக்கம் இருப்பின் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். முதல் உலகப் போருக்காக வழங்கப்பட்ட பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும், பதவியும், பெயரும், படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். போர்வீரருக்கு வெள்ளியில் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் தொழிலாளர் படையினர் பலருக்கு வெண்கலத்தில் வழங்கப்பட்டது. எனவே, வீட்டில் கிடக்கும் வெண்கலப் பதக்கத்தைப் போலி என்று எண்ணி எறிந்துவிடலாகாது. பணியிலிருந்து விடுவித்த சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், மணியார்டர் துண்டு, கடித உறை, சீருடையில் எடுத்த நிழற்படம் ஆகியவற்றையும் இருபுறமும் பார்க்க வேண்டும். நாம் கூறும் இக்குடும்பத்தில் பதக்கம் ஏதுமில்லை. ஆனால் கப்பலேறுமுன் எடுத்த நிழற்படம் ஒன்று இருந்தது. அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய சில ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. எண்பது ஆண்டுகளாக அவ்வீட்டார் அதனை நிழற்படக் கடைக்காரரின் குறிப்பு என்று எண்ணியிருந்தனர்.

ஒரே மனிதர், மூன்று பெயர்கள்

கத்தோலிக்கக் குடும்பங்களின் தேடலில் ஒரு தனித் தொல்லை உண்டு. ஒரு தனி உதவியும் உண்டு. இரண்டும் நம் கோவில் புத்தகங்களிலிருந்தே வருகின்றன.

பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டவை. வீட்டில் இராயப்பு என்று அழைக்கப்படுகிறவர் அங்கே ‘பேத்ருஸ்’ ஆகிவிடுவார். சின்னப்பன் ‘பவுலுஸ்’, அருளப்பன் ‘யோவான்னஸ்’, சூசை ‘யோசேப்புஸ்’, யாகப்பன் ‘யாக்கோபுஸ்’. அதே மனிதர் பட்டாளத்தில் சேர்ந்தபோது, தமிழறியாத எழுத்தர் ஒருவர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். சவரிமுத்து என்னும் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் ‘ச’கர ஒலிக்குரிய ஓர் ஆங்கில எழுத்தாலும், மற்றோரிடத்தில் ‘சௌரி’ என ஒலிக்கும் வேறு எழுத்துகளாலும் வரக்கூடும். ஞானப்பிரகாசம் என்னும் பெயரை நான்கு விதமாக எழுதக் கண்டிருக்கிறோம். ஊர்ப் பெயர்களோ இன்னும் விந்தையானவை. திருநெல்வேலியை ‘டின்னவெல்லி’ என்றும், திருச்சிராப்பள்ளியை ‘டிரிச்சினாப்பொலி’ என்றும், தஞ்சாவூரை ‘டாஞ்சோர்’ என்றும் அக்கால ஆங்கிலேயர் எழுதினர். இன்றைய மாவட்டங்கள் பல அன்று இல்லை. ஆகவே, தேடுகிறவர் பழைய மாவட்டப் பெயரையும், பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று.

இனி, உதவியைக் கூறுவோம். 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைப் பங்குக்குரு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்கான புத்தகங்களை ஒவ்வொரு பங்கும் பேணவேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 535ஆம் விதியில் வலியுறுத்துகிறது. இக்கட்டளைகளின் பயனை நாம் அன்று கண்கூடாகக் கண்டோம். ஞானஸ்நானப் புத்தகத்திலிருந்து அம்மனிதரின் தந்தை பெயர் கிடைத்தது. திருமணப் புத்தகத்திலிருந்து மனைவியின் பெயரும், திருமண நாளும், சாட்சிகளின் பெயர்களும் கிடைத்தன. இராணுவ எண் ஒரு கையில். கோவில் புத்தகத்தின் மூன்று பெயர்கள் மறு கையில். தேடலுக்கு வேண்டிய முதல் இவ்வளவே.

எந்த ஆவணம் எங்கே?

பிரிட்டிஷ் இராணுவ ஆவணம் என்றவுடன் எல்லாம் இலண்டனில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மூவகை மனிதருக்கு மூவகை இடங்கள் உண்டு.

முதலாவது, பிரிட்டிஷ் இராணுவத்திலேயே பணிபுரிந்தவர்கள். நம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் முன்னோர் சிலர் இவ்வகையினர். இவர்களுடைய ஆவணங்கள் இலண்டன் மாநகரின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆனால் முதல் உலகப் போரின் படைவீரர் ஏடுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு, 1940 செப்டம்பரில் இலண்டன்மீது குண்டு வீசப்பட்டபோது கிடங்கோடு எரிந்து போயின. எஞ்சியவை கருகிய ஓரங்களோடும், தீயணைத்த நீரின் கறையோடும் இன்றும் இருக்கின்றன. ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். ஒரு போரின் நினைவை அடுத்த போர் எரித்துவிட்டது. பிற்காலத்து வீரர்களைப் பற்றிய ஏறக்குறைய 97 இலட்சம் ஏடுகள், பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து 2022 முதல் இக்காப்பகத்துக்கு மாற்றப்படத் தொடங்கின.

இரண்டாவது, இந்திய இராணுவத்தில் அதிகாரிகளாயிருந்த ஆங்கிலேயரும், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரும். இவர்களைப் பற்றிய ஏடுகள் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. மதராஸ் மாகாணத்தில் நடைபெற்ற ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றி அக்காலத்தில் அனுப்பப்பட்ட படிகளும் அங்கேதான் உள்ளன.

மூன்றாவது வகையினரே நம் மக்களிற் பெரும்பாலோர்: இந்திய இராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்கள், ஓட்டுநர்கள், மருத்துவமனை ஏவலர்கள், பாலம் கட்டியோர், பாதை வெட்டியோர். இவர்களுடைய பணி ஏடுகள் இலண்டனுக்குச் செல்லவில்லை. அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திலேயே இருந்தன. 1947இல் நாடு பிரிந்தபோது படைப்பிரிவுகளோடு அவையும் பிரிந்தன. மதராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம் நீலகிரி மாவட்டத்து வெலிங்டனிலும், மதராஸ் சாப்பர்ஸ் என்று நம் ஊர்களில் அறியப்பட்ட பொறியாளர் படையின் தலைமையிடம் பெங்களூரிலும் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை எழுதி, தாம் இன்ன உறவினர் என்பதற்குச் சான்று இணைத்து, நெருங்கிய உறவினர் விண்ணப்பம் அனுப்பலாம். பொறுமை வேண்டும், நினைவூட்டுக் கடிதமும் வேண்டும்.

தனிமனிதரின் ஏடு கிடைக்காதபோது படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு கைகொடுக்கும். ஒவ்வொரு பிரிவும் அன்றன்று எங்கே முகாமிட்டது, யாரை எதிர்த்தது, எத்தனை பேரை இழந்தது என்று எழுதி வைத்த குறிப்புகள் அவை. முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசொப்பொத்தேமியாவிலும் போரிட்ட இந்தியப் பிரிவுகளின் நாட்குறிப்புகளும் கியூவில் உள்ளன. சிப்பாயின் பெயர் அவற்றில் அரிதாகவே வரும். ஆயினும் அவர் எந்த ஆற்றைக் கடந்தார், எந்த மழையில் நனைந்தார் என்பதை அவை நமக்குச் சொல்லும்.

பஞ்சாப் மாநிலத்துக் குடும்பங்களுக்கு அண்மையில் ஒரு நற்பேறு வாய்த்தது. முதல் உலகப் போரில் பணிபுரிந்த ஏறக்குறைய 3,20,000 பஞ்சாப் வீரர்களின் பெயர்கள் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. கணினியில் ஏற்றப்பட்ட அவற்றின் ஒரு பகுதி 2021இல் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த கொள்ளுப் பேரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடி, தங்கள் முன்னோரைக் கண்டெடுத்தனர்.

பதிவேட்டில் இருந்த பெயர்கள்

போரில் இறந்தவர்களுக்கு மட்டும் நான்காவது வழி ஒன்று உண்டு. 1917 மே மாதத்தில் அரச பட்டயத்தால் நிறுவப்பட்டு, 1960 முதல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று வழங்கும் அமைப்பு, இரு போர்களிலும் மாண்ட 17 இலட்சம் பேரின் நினைவைப் பேணுகிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் பசும்புல் நடுவே 850க்கு மேற்பட்ட கல்லறைகளோடு அமைந்துள்ள போர்க் கல்லறைத் தோட்டம் இவ்வாணையத்தினுடையதே. இதன் பதிவேட்டை இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்: முதற்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தோரே இதில் அடங்குவர். வீடு திரும்பியவர்களை இங்கே தேடிப் பயனில்லை.

மூதாட்டியின் பேரன் நம் இல்லத்துக் கணினியின் முன் அமர்ந்தார். பெயரை முதலில் ஒரு விதமாக எழுதித் தேடியபோது பல பேர் வந்தனர். எவருடைய ஊரும் பொருந்தவில்லை. மற்றொரு விதமாக எழுதியபோது வேறு பலர் வந்தனர். இறுதியில் நிழற்படத்தின் பின்னிருந்த எண்ணை இட்டுப் பார்த்தார். ஒரே ஒரு பதிவு வந்தது.

ராயல் இந்திய இராணுவச் சேவைப் படை, ஓட்டுநர், இறந்த நாள் 1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள், நினைவிடம் சிங்கப்பூர் நினைவுச் சின்னம். அதன்கீழ் மேலும் ஒரு வரி இருந்தது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர் என்பதே அவ்வரி. ஊரின் பெயர் சிதைந்திருந்தது. தந்தையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. ஆனால் மனைவியின் பெயர் பிழையின்றி இருந்தது. நம் திருமணப் புத்தகத்திலுள்ள அதே பெயர்; 1988இல் தாலியோடு அடக்கம் செய்யப்பட்ட அம்மையாரின் பெயர்.

படைப்பணியில் சேரும்போது மனைவி யார் என்று கேட்டதற்கு அம்மனிதர் கூறிய விடை, எங்கோ ஓர் ஏட்டில் எண்பது ஆண்டுகள் மாறாமல் இருந்திருக்கிறது. ஊரார் கூறிய இன்னொருத்தியின் பெயர் அங்கே இல்லை. ஓடிப் போனதாகவும் இல்லை. பணியிலிருக்கும்போது மாண்டவர் என்றே அவர் எழுதப்பட்டிருந்தார்.

1943இல் அவர் எவ்வாறு இறந்திருக்கக்கூடும்? பதிவேடு அதனைக் கூறுவதில்லை. வரலாறு ஓரளவு கூறுகிறது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த இரண்டாம் நாள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் ஃபேரர் பூங்காவில் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுட் பலர் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர், பலர் சேரவில்லை. நாட்டு விடுதலையை எண்ணிச் சேர்ந்தவருக்கும், எடுத்த உறுதிமொழியை எண்ணிச் சேராதவருக்கும் இடையே தீர்ப்புக் கூற இன்று நிழலில் அமர்ந்திருக்கும் நமக்குத் தகுதியில்லை. சேராதவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கப்பல்களில் அடைக்கப்பட்டு நியூகினி, நியூ பிரிட்டன் முதலிய தீவுகளுக்கு வேலையாட்களாகக் கொண்டு செல்லப்பட்டனர். பசியும் மலேரியாவும் அடியும் குண்டுவீச்சும் அவர்களிற் பெருந்தொகையினரைக் கொன்றன. கல்லறை அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி, சிங்கப்பூரின் கிராஞ்சிக் குன்றில் 1957இல் திறந்து வைக்கப்பட்ட நினைவுச் சின்னத்தில் நம் பங்கின் மகனுடைய பெயரும் நிற்கிறது.

செய்தியை மூதாட்டியிடம் நாமே சென்று கூறினோம். பேரன் வாசித்ததை அசையாமல் கேட்டார். பின்னர், “அம்மா பேரு போட்டிருக்கா சாமி?” என்று கேட்டார். “போட்டிருக்கிறதம்மா” என்றோம். “அப்ப எங்கப்பா ஓடிப் போகலை” என்றார். அதற்குமேல் அவர் அன்று ஒன்றும் பேசவில்லை.

எழுதப்படாத பெயர்கள்

ஒரு பெயர் கிடைத்த மகிழ்ச்சியில், கிடைக்காத பெயர்களை மறப்பது நீதியாகாது. ஆணையத்தின் நினைவுக் கற்களில் பொறிப்பதற்காகச் சீராக்கின் ஞான நூலினது 44ஆம் அதிகாரத்திலிருந்து, முன்னோரின் பெயர் என்றும் வாழும் என்னும் கருத்துடைய சொற்களைத் தேர்ந்தவர், தம் ஒரே மகனை 1915இல் போரில் இழந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். கத்தோலிக்கராகிய நாம் திருநூலாகப் போற்றும் நூல் அது. ஆயினும் அச்சொற்களைப் பொறித்த கைகளே பலருடைய பெயர்களைப் பொறிக்கவில்லை. ஈராக் நாட்டின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர் ஒவ்வொருவரின் பெயரும் இடம்பெற்றது. இந்தியச் சாதாரண வீரர்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் இறந்தோரின் தொகையும் மட்டுமே கல்லில் இடம்பெற்றன.

2021 ஏப்ரலில் ஆணையமே அமைத்த குழுவின் அறிக்கை இதனை ஒப்புக்கொண்டது. முதற்போரில் மாண்ட 45,000 முதல் 54,000 வரையிலான இந்தியரும் ஆப்பிரிக்கரும் பிறரும் சமமற்ற முறையிலேயே நினைவுகூரப்பட்டனர் என்றும், மேலும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அது கூறியது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்தாயினும் குற்றத்தைக் குற்றமென்று சொன்னது நன்று.

சீருடை அணியாதவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942-43இல் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தனர். காஞ்சனபுரியில் அவர்களுள் ஏறக்குறைய 7,000 பேருக்கு ஒழுங்கான கல்லறைகள் உண்டு. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் உட்பட ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பன்மடங்கு மாண்டனர். அவர்களுக்குப் படை எண் இல்லை; எனவே பதிவும் இல்லை. நம் ஊர்களிலிருந்து மலேயாவுக்குப் பால்மரம் வெட்டச் சென்று ‘திரும்பி வராதவர்’ சிலரின் வரலாறு அக்காட்டில்தான் முடிந்திருக்கும். அவர்களையும் ஓடிப் போனவர்கள் என்று நாம் ஏசியிருக்கக்கூடும்.

இறந்தோரை நினைத்தல் புனிதமானது

இறந்தோருக்காக மன்றாடும் வழக்கத்துக்குத் திருநூல் ஆதாரம் கேட்போருக்கு நாம் காட்டும் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம். அப்பகுதியை எத்தனையோ முறை மறையுரையில் எடுத்துரைத்திருக்கிறோம். ஆனால் யூதா மக்கபே வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பியது யாருக்காக என்பதை இத்தேடலுக்குப் பின்னரே ஆழ்ந்து எண்ணினோம். போர்க்களத்தில் விழுந்த தம் வீரர்களுக்காகவே அவர் அவ்வாறு செய்தார். அவர்கள் குற்றமற்றவர்களும் அல்லர். அப்படியிருந்தும் அவர் அவர்களைக் கைவிடவில்லை. உயிர்த்தெழுதலை நம்பி அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். இறந்தோருக்கான நம் திருப்பலியின் வேர்களில் ஒன்று, வீடு திரும்பாத போர்வீரரின் நினைவில் ஊன்றியிருக்கிறது.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் மாலை, கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி நிகழ்ந்தது. பட்டியல்களை வாசித்து வந்தபோது அம்மனிதரின் பெயரையும், தந்தை பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து முழுமையாக வாசித்தோம். இறந்து எண்பது ஆண்டுகள் நெருங்கிய நிலையில் அவருக்காக அவர் ஊரில் ஒப்புக்கொடுக்கப்பட்ட முதல் பலி அதுவே. முன்வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருந்த மூதாட்டி எழுந்து நிற்க முயன்றார், பேரன் பிடித்துக்கொண்டார். பின்னர் தாயின் கல்லறையில் இரண்டு மெழுகுதிரிகளை அருகருகே ஏற்றி வைத்தார். ஊரில் வயது முதிர்ந்த ஆடவர் ஒருவர் அக்கல்லறையருகே வந்து, “எங்க வீட்டிலயும் அப்படிப் பேசினதுண்டு, மன்னிச்சிரு தாயி” என்று கூறிச் சென்றதை நாம் கேட்டோம். மூதாட்டி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

வாசகர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. வீட்டுப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே பழைய படங்களின் பின்புறத்தைப் பாருங்கள். பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பதக்கங்களை எடைக்குப் போடாதீர்கள். பட்டாளத்துக்கோ கடல் கடந்தோ சென்று திரும்பாதவர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருப்பின், உங்கள் பங்குக்குருவை அணுகி ஞானஸ்நானப் புத்தகத்தையும் திருமணப் புத்தகத்தையும் பார்க்கக் கேளுங்கள். உடன் குருக்களுக்கும் ஒரு சொல்: கரையானும் ஈரமும் காத்திருக்கின்றன, இப்புத்தகங்களைப் படியெடுத்து வைப்போம். நம் கையெழுத்தில் இன்று எழுதப்படும் ஒரு பெயரை எண்பது ஆண்டு கழித்து ஒரு மகள் தேடி வரக்கூடும்.

தேடியும் கிடைக்காதவர்களுக்காக வருந்த வேண்டாம். நல்ல ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர். எந்தக் கிடங்கு எரிந்தாலும் அவருடைய ஏடு எரிவதில்லை. இந்த நவம்பரில் உங்கள் பட்டியலை எழுதும்போது, செத்தாரோ இருக்கிறாரோ என்று தெரியாத ஒருவருக்காகவும் ஒரு வரி விட்டு எழுதுங்கள். நாம் வாசிக்கிறோம்.